பெண்கள் வார்டுக்கு வந்த அப்பா

நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வலி இருந்தபோது எழுத முடியவில்லை. அது போன பிறகு அதைத் திரும்ப நினைக்க மனம் வரவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. இன்று வலி இல்லை. இப்போதே எழுதிவிட்டால்தான் உண்டு.

என் ஊர் திருப்பூர். படித்தது முதல் செய்தது வரை எல்லாம் பனியன் கம்பெனி வேலைதான். சில வருடங்களுக்கு முன்பு, வெளிநாட்டுக் கடைகளுக்கு உடை வாங்கித் தரும் ஒரு நிறுவனம் என்னை வியட்நாமில் இருக்கிற சைகோனுக்கு எடுத்துக்கொண்டது. சைகோனை ஒட்டிய பின் யுவோங் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தைத்து முடித்த உடைகளைச் சரிபார்ப்பது என் வேலை. பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, ட்யூப் லைட் மாட்டிய நீள மேசையில் விரித்து, தையல், கறை, அளவு எல்லாம் பார்க்க வேண்டும். உட்கார்ந்து செய்ய முடியாது. உட்கார்ந்தால் மேசையின் அந்தப் பக்கம் கை எட்டாது. காலையில் வேனை விட்டு இறங்கி நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம் வேனில் ஏறும்வரை நிற்பதுதான்.

எனக்கு மாதவிலக்கு வந்த நாளிலிருந்தே வலி உண்டு. அடிவயிற்றைத் துணி பிழிவதுபோல் யாரோ முறுக்குவார்கள். அது இடுப்புக்குப் போய் தொடை வழியாக இறங்கும். வாந்தி வரும். வெளிக்குப் போக உட்கார்ந்தால் உயிர் போகும். காலேஜில் படிக்கும்போது அம்மா என்னை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். "கலியாணம் ஆனாச் சரியாப் போயிரும்" என்று அவர் சொல்லி அனுப்பினார். கலியாணம் ஆகவில்லை. வலியும் போகவில்லை. பிறகு அம்மாவும் இறந்துபோனாள். அதற்கப்புறம் இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லாமல் போனது. அக்கா சுகுணாவுக்குத் தெரியும், ஆனால் அவளுக்கு அவள் குடும்பம். அப்பாவிடம் இதையெல்லாம் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அதனால் சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். வேன் ஏறும் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்வேன். கறுப்புப் பேண்ட்தான் போடுவேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாப்கின். தொழிற்சாலையில் டீ போடும் இடத்தில் சுடுதண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து, பேண்டின் இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொள்வேன். கழிப்பறைக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்து நிற்பேன். வலி ஏறும்போது மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தியபடி ஒரு சட்டையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்ப்பவர்களுக்கு நான் ரொம்பக் கவனமான ஆள் என்று தோன்றும்.

லீக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. லீ என்னோடு வேலை செய்கிற வியட்நாம் பெண், என்னைவிடச் சின்னவள். அரைகுறை ஆங்கிலமும் அரைகுறை வியட்நாமியும் கலந்துதான் நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருநாள் என் பேண்டுக்குள்ளிருந்த பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த நாள்ல அரை மணி நேரம் ஓய்வு எடுக்க இங்க சட்டமே இருக்கு. தையல் லைன்ல இருக்கற பொண்ணுங்க எடுப்பாங்க. நீங்களும் போய்ப் படுங்க" என்றாள்.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். பாய் விரித்திருக்கும், மின்விசிறி ஓடும். ஆனால் நான் அந்தத் தொழிற்சாலையின் ஆள் இல்லை. அவர்கள் தைத்ததில் குற்றம் கண்டுபிடிக்க வந்தவள். காலையில் ஒரு பெண்ணின் தையலைப் பிரிக்கச் சொல்லிவிட்டு மத்தியானம் அவள் பக்கத்தில் போய் எப்படிப் படுப்பது? "எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். என் வாயிலிருந்து அதிகம் வந்த வியட்நாமிச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

குழந்தைகளுக்கான குளிர்ச்சட்டைகள் ஏற்றுமதியாகிற நாளில் அது நடந்தது. கண்டெய்னர் வண்டி வெளியே நின்றிருந்தது. அடியில் இருந்த பெட்டியை இழுக்கக் குனிந்தேன். இடதுபக்க அடிவயிற்றில் ஏதோ கிழிந்தது. நான் அறிந்த வலி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது ஒரே வெட்டு. நிமிர முடியவில்லை. பெட்டிகளின் மேலேயே சாய்ந்தேன். லீ என் பெயரைச் சொல்லிக் கத்தியது கேட்டது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்று அந்தப் பெரிய ஷெட் அமைதியானதும் தெரிந்தது. அதற்குப் பிறகு நினைவில் இருப்பது வேனின் கூரைதான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சைகோனில் இருக்கிற ஒரு பெரிய பெண்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேனுக்குக் காத்திருந்ததுதான் எனக்கு அந்த நோயிலேயே மோசமான நேரம். ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதற்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். வயிறோ பலகைபோல் விறைத்திருந்தது. நீள பெஞ்சு முழுக்கக் கர்ப்பிணிகள். ஒருத்தியின் கணவன் விசிறிக்கொண்டிருந்தான், ஒருத்தி மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். எங்கிருந்தோ பச்சைக்குழந்தை அழும் சத்தம் விடாமல் வந்தது. அவர்கள் என்னைப் பார்த்து நகர்ந்து இடம்கொடுத்துச் சிரித்தார்கள். நானும் குழந்தைக்காக வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

நர்ஸ் வந்து, "குடும்பம் இருக்கா?" என்று கேட்டாள். அப்பாவையும் அக்காவையும் நினைத்துக்கொண்டு "இருக்கு" என்றேன். அவள் ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் காலை அகட்டிப் படுக்கும் கட்டிலைக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. வெளியே நின்றிருந்த லீ ஓடிவந்து, "இல்ல, இல்ல, இவங்களுக்குக் கலியாணம் ஆகல" என்றாள். இவர்கள் மொழியில் குடும்பம் இருக்கிறதா என்றால் கலியாணம் ஆகிவிட்டதா என்று அர்த்தமாம். ஆகாதவர்களுக்கு உள்ளே கருவி வைத்துப் பார்க்க மாட்டார்கள், வயிற்றின் மேல்தான் பார்ப்பார்கள். நர்ஸ் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தாளில் எதையோ அடித்து எழுதினாள். குடும்பம் இல்லை என்றுதான் எழுதியிருப்பாள்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கர்ப்பப்பைக்குள் மாதாமாதம் வளர்ந்து உதிர வேண்டிய மெல்லிய சதை, சிலருக்கு வெளியேயும் வளர்ந்துவிடுகிறது. சினைப்பை மேல், குடல் மேல், எங்கே வேண்டுமானாலும். மாதவிலக்கு வரும்போது அதுவும் உள்ளுக்குள்ளேயே ரத்தம் விடுகிறது. அந்த ரத்தம் வெளியே வர வழியில்லை. தேங்கிக் கட்டியாகிறது, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. பழைய ரத்தம் பழுப்பாக இருப்பதால் அதைச் சாக்லேட் கட்டி என்பார்கள். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். என் இடது சினைப்பையில் இருந்த கட்டிதான் அன்று உடைந்திருந்தது. வலதிலும் சின்னதாக ஒன்று இருந்தது.

"எங்க மொழியில இதுக்குப் பேரு வேற மாதிரி, அக்கா. வழி தவறிப்போன சதைன்னு அர்த்தம்" என்றாள் லீ.

நான் டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டேன். "இவ்வளவு வருஷமா வலிச்சது நிஜமான வலிதானா?"

லீ அதை மொழிபெயர்த்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதோட நீ எப்படி நின்னே?" என்று திருப்பிக் கேட்டார்.

காய்ச்சல் இருந்ததால் மருந்து ஏற்றி, அது இறங்கிய பிறகு அறுவை சிகிச்சை என்று முடிவானது. செலவைக் கம்பெனி இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. ஆனால் இங்கே நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். துடைப்பது, தூக்கி உட்காரவைப்பது, கஞ்சி கொடுப்பது எல்லாம் அவர் வேலைதான். லீக்குத் தொடர்ந்து லீவு கிடைக்கவில்லை. நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லையே, பிரேமா" என்றாள் அக்கா. "அப்பாகிட்டத்தான் இருக்குது. அன்னைக்கு நீ ஊரைச் சுத்திக் காட்டறேன்னு எடுக்கச் சொன்னயல்ல? அவரை அனுப்பறோம்."

"அப்பாவா? பொம்பளைங்க வார்டுல அவரு வந்து என்னக்கா பண்ணுவாரு? வேண்டாம், அனுப்பாதே."

"வேற ஆரு இருக்கறா நமக்கு?"

விசா வந்ததும் கொச்சியிலிருந்து விமானம் ஏறினார் அப்பா. சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர். திருப்பூரையும் பழனியையும் கோயமுத்தூரையும் தவிர வேறு ஊர் தெரியாது. தமிழைத் தவிர வேறு பேச்சும் தெரியாது. லீ விமான நிலையத்துக்குப் போய், என் போட்டோவைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்று, அவரைக் கூட்டிவந்தாள். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக வார்டு வாசலில் நின்றார். உள்ளே இருக்கிற பெண்களை எல்லாம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்தபடியே என் கட்டிலுக்கு வந்தார்.

"என்ன கண்ணு, இப்படி எளைச்சுப்போயிட்டே?"

"ஒண்ணுமில்லைங்ப்பா."

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. அவரால் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அறுவைக்கு முந்தைய நாள் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். இடது சினைப்பையைக் காப்பாற்றுவது கஷ்டம். வலதில் இருப்பதைச் சுத்தம் செய்து விட்டுவைக்கலாம், ஆனால் நோய் திரும்ப வர வாய்ப்புண்டு. இரண்டையும் எடுத்தால் பெரும்பாலும் நிம்மதி, ஆனால் குழந்தை இல்லை, இந்த வயதிலேயே மாதவிலக்கும் நின்றுவிடும். லீ சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அப்பா தரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். போனில் அக்கா அழுதாள்.

"ஒண்ணையும் எடுக்க வேண்டாம்னு சொல்லுடி. கலியாணம் ஆகாத புள்ள. ஊருக்கு வா, நாட்டு மருந்து பாத்துக்கலாம்."

"வலிக்கறது எனக்குக்கா."

"வலி ஆருக்கு இல்லை? நாங்கெல்லாம் பொறுத்துக்கலையா?"

நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் காதில் வைத்திருந்து, பிறகு அணைத்துவிட்டார். இடதை எடுக்கலாம், வலதை முடிந்தவரை விட்டுவைக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டையும் இழக்கப் பயம், இரண்டையும் வைத்துக்கொள்ளவும் பயம். பாதிப் பாதியாகப் பயந்து போட்ட கையெழுத்து அது.

அறுவை அறைக்குள் நடந்தது எனக்குத் தெரியாது. வெளியே நடந்ததைப் பிறகு லீ சொன்னாள். பாதியில் டாக்டர் வெளியே வந்திருக்கிறார். வலது பக்கமும் ஸ்கேனில் தெரிந்ததைவிட மோசமாக இருக்கிறது, குடலோடு ஒட்டியிருக்கிறது, அதையும் எடுத்துவிடலாமா, வீட்டார் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். லீக்குத் தமிழ் தெரியாது. போனில் மொழிபெயர்க்கும் ஆப்பில் தட்டி அப்பாவிடம் நீட்டியிருக்கிறாள். அதில் வந்த தமிழ் இதுதான்: 'வலது முட்டை கெட்டது. அகற்ற அனுமதி. ஆம் அல்லது இல்லை.'

அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். அக்காவைக் கூப்பிடவா என்று லீ போனைக் காட்டிக் கேட்டதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டியிருக்கிறார். பிறகு அந்தப் போனைப் பார்த்தே உரக்கச் சொல்லியிருக்கிறார்: "எம் பொண்ணு என்னன்னு கையெழுத்துப் போட்டாளோ அப்படியே செய்யுங்க. நான் மாத்திச் சொல்ல மாட்டேன்." அது எப்படி மொழிபெயர்ந்ததோ, டாக்டர் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வலது சினைப்பையைச் சுத்தம் செய்து விட்டுவைத்தார்கள். கொஞ்சநேரம் கழித்து ஒரு நர்ஸ், எடுத்ததை எல்லாம் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினாள். வீட்டாருக்குக் காட்டுவது அங்கே வழக்கமாம்.

மறுநாள் நினைவு தெளிந்து கிடந்தபோது அப்பா அதைப்பற்றிச் சொன்னார். நானாகக் கேட்கவில்லை.

"சாயக் கழிவாட்டம் இருந்துச்சு கண்ணு. கெட்டியா, பழுப்பா. பட்டறைத் தொட்டியில அடியில தங்குமே, அப்படி." தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தார். "இத்தனை நாளா இதை வயித்துல வெச்சுட்டா நின்னே?"

நான் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றேன், தையல் இழுத்தது. அப்பா துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மறுபடி உதறினார். மறுபடி மடித்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஹான் என்ற பெண் இருந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள், கர்ப்பப்பைக் கட்டிக்காக வந்திருந்தாள். அவளுடைய அம்மாதான் எனக்கும் சேர்த்து உடம்பு துடைத்து, நாப்கின் மாற்றிவிடுவார். அப்பா அப்போதெல்லாம் வராந்தாவுக்குப் போய்விடுவார். அங்கே கணவன்மார்களும் அண்ணன் தம்பிகளும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அவருக்கும் ஒரு பாய் கொடுத்தார்கள், ஐஸ் போட்ட டீ கொடுத்தார்கள். வயிற்றில் அறுவை நடந்தால், வாயு பிரியும்வரை சாப்பாடு கிடையாது. அதனால் அந்த வார்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் விசாரிப்பார்கள். வராந்தா ஆண்கள் அப்பாவிடம் வயிற்றைத் தட்டிக் காட்டி, வாயால் சத்தமும் செய்து கேட்டிருக்கிறார்கள். அவர் உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்தபடி, "கண்ணு… அந்தக் காத்து… பிரிஞ்சுதான்னு வெளிய கேக்கறாங்க" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு கிழிந்தது. அந்தச் சாயங்காலமே பிரிந்தது. அப்பா போய் வராந்தாவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாராம், எல்லாரும் கை தட்டினார்களாம். எனக்கு வெள்ளைக் கஞ்சி கிடைத்தது. அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம நொய்யரிசிக் கஞ்சியேதான்" என்று ஆச்சரியப்பட்டார்.

ஒரு மத்தியானம் ஹானை ஏதோ பரிசோதனைக்குக் கூட்டிப்போனார்கள். அவள் அம்மாவும் கூடப் போய்விட்டார். அப்போது எனக்கு ரத்தப்போக்கு அதிகமாகி விரிப்பு நனைந்துவிட்டது. நர்ஸ் மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. நாப்கினும் தீர்ந்திருந்தது. அப்பா வாசலில் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைங்ப்பா, நீங்க போங்க" என்றேன்.

அவர் போகவில்லை. விரிப்பைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த காலி உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆஸ்பத்திரிக் கடையில் அந்த உறையைக் காட்டியிருக்கிறார். நம் ஊர்போலக் கறுப்புக் கவரில் போட்டுத் தரச்சொல்லிச் சைகை காட்டியிருக்கிறார், கடைப் பெண்ணுக்குப் புரியவில்லை. தோள் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பிறகு என்னை ஒரு பக்கமாகத் திருப்பி, முகத்தை அந்தப்பக்கம் வைத்துக்கொண்டே, நனைந்த விரிப்பை உருவி, புதியதைப் போட்டு, நாப்கினைப் பிரித்து என் கையில் கொடுத்தார். சாயப்பட்டறையில் வேலை செய்தவர்களின் நகங்களில் நிறம் கடைசிவரை போகாது. அந்த நகங்களைப் பார்த்துக்கொண்டே நான் வேலையை முடித்தேன். நனைந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் குழாயடிக்குப் போனார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு ஒரு காலை, லீ அவரைத் தன் வண்டியில் ஏற்றி, நகரத்துக்குள் இருக்கிற தண்டாயுதபாணி கோயிலுக்குக் கூட்டிப்போனாள். திருநீற்றோடு வந்தார்.

"எனக்கு இன்னும் போயிட்டிருக்குதுங்ப்பா. இப்பப் பூசக்கூடாது" என்றேன். அம்மா அந்த நாட்களில் சாமி அறைப் பக்கமே வந்ததில்லை. அந்த ஒழுங்கை வைத்தவர் அப்பாதான்.

அவர் ஒருகணம் நின்றார். பிறகு என் நெற்றியில் பூசிவிட்டார்.

வீடு வந்த பிறகு, மாதவிலக்கைச் சில மாதம் நிறுத்திவைக்க ஊசி போட்டார்கள். மிச்சமிருக்கிற நோய் ஓய்வதற்காக அது. வலி போனது. பதிலுக்கு, சட்டென்று உடம்பு கொதிக்கும், வியர்வையில் நனையும், தூக்கம் வராது. ஐம்பது வயதில் வர வேண்டியது எல்லாம் முப்பத்துச் சொச்சத்தில் வந்துபோனது. அப்பா விசா முடியும்வரை இருந்து, ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். நான் உட்கார்ந்து செய்யும் ஆபீஸ் வேலை கேட்டேன். மேலாளர் வருத்தத்தோடுதான் சொன்னார்: கொஞ்சகாலம் அறிக்கை எழுதலாம், அப்புறம் பழையபடி தொழிற்சாலைக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும். வந்துவிட்டேன்.

ஊசிகள் நின்று சில மாதம் மாதவிலக்கு வராமலே போயின. சென்ற மாதம், தொழிற்சாலையில் நின்றிருக்கும்போது, வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் வலியும் வந்தது. பழைய அளவு இல்லை. ஆனால் அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். பெட்டிகளுக்குப் பின்னால் போய் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, எனக்கு இன்னைக்கு மாதவிலக்கு வந்திருச்சுங்ப்பா."

அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப்பக்கம் டிவி சத்தம் நின்றது.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்ப்பா. இந்தத் தடவை வலது பக்கம்."

"மறுபடியும் அறுக்கோணும்ங்கறாங்களா?"

"ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றாங்களாம்."

அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு லீ மேசையருகே எனக்காகக் காத்திருந்தாள்.

"நான் வரட்டுமா கண்ணு?"

"வாங்ப்பா" என்றேன்.